கார்புரேட்டருக்குள் ஒரு ஊசி

தெருவில் அவளுக்குத் 'தபால்' என்று பெயர். தையல்காரி வீடு எங்கே என்று கேட்டால் யோசிப்பார்கள். தபால் வீடு என்று கேட்டால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருந்தான். ஒரே வீடு. முன்னறையில் அப்பா, பின்னறையில் புருஷன், நடுவில் அவளும் அவள் தையல் மிஷினும். அப்பாவும் புருஷனும் பேசிக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியதை இவளிடம் சொல்வார்கள். இவள் எழுந்து போய்ச் சொல்லிவிட்டு, பதிலை வாங்கிக்கொண்டு வந்து, விட்ட இடத்தில் தையலைத் தொடர்வாள்.

வாங்கியதை வாங்கியபடியே கொடுத்திருந்தால் அந்த வீட்டில் என்றைக்கோ கொலை விழுந்திருக்கும். "அந்தத் தடிமாட்டைக் கதவை உடைக்காம சாத்தச் சொல்லு" என்று முன்னறையில் கிளம்புவது, பின்னறைக்குப் போய்ச் சேரும்போது "அப்பாவுக்குத் தலைவலியாம், கதவைக் கொஞ்சம் மெதுவா சாத்துங்க" என்று ஆகியிருக்கும். "இது என்ன பஸ்ஸா, உங்கப்பன் விசில் அடிச்சா நான் நிக்கறதுக்கு?" என்று அங்கிருந்து வருவது, "சரின்னுட்டாருப்பா" என்று ஆகியிருக்கும். வார்த்தையைப் பிரித்து, மடித்து, ஓரம் அடித்துக் கொடுப்பதில் அவள் கை தேர்ந்தவள். அதற்காக அவளைப் பொறுமையின் வடிவம் என்று நினைத்துவிட வேண்டாம். ரவிக்கைக் கை கோணலாகிப் பிரித்துத் தைக்கிற நாட்களில், சொன்னதைச் சொன்னபடியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள். கொஞ்ச நேரத்தில் முன்னறையிலோ பின்னறையிலோ ஒரு தட்டு பறக்கும். மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அப்பா பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, கண் ஓயவில்லை. யார் வாசலைத் தாண்டினாலும் டிக்கெட் எடுக்காமல் ஏறியவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். தெருவுக்கு அவர் 'செக்கர்'. புருஷன் மெக்கானிக். கோபம் மூக்கு நுனியில் என்பார்களே, இவருக்கு அது ஸ்பானர் நுனியில். கோபம் வந்தால் பேச மாட்டார். கையில் இருப்பதைத் தரையில் போடுவார். சத்தத்தை வைத்தே எந்த அளவு கோபம் என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பகை மூண்டது ஒரு காரால். செக்கர் இளவயதிலேயே மூன்றாம் கையோ நான்காம் கையோ மாறி வாங்கிய பழைய கார் அது. உருண்டை முகப்பு, கண்ணாடிக் குண்டு போன்ற விளக்குகள், பெட்டி மாதிரி கதவுகள். ஒருநாள் அது இருமத் தொடங்கியதும், பக்கத்து கேரேஜிலிருந்து ஒரு பையனை வரவழைத்தார். பையன் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி மாட்டிவிட்டுப் போனான். அடுத்த நாள் செக்கர் தன் துறையின் பெரிய அதிகாரியை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவரக் கிளம்பினார். திரும்பும்போது கார் மேட்டுப்பாதையில், பாதி ஏற்றத்தில், நின்றது. அதிகாரி கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காரைத் தள்ளினார். பின்னால் வந்த பஸ்ஸில் செக்கர் அபராதம் போட்ட ஆட்களெல்லாம் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

செக்கர் அங்கிருந்து நேரே கேரேஜுக்குப் போனார். கூட்டம் கூடும் வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு அந்தப் பையனை வாய்க்கு வந்தபடி பேசினார். முதலாளி அன்று சாயங்காலமே பையனை வேலையை விட்டு அனுப்பினார். "கார்புரேட்டரைக் கெடுத்தவன்" என்ற பட்டம் மட்டும் கூடவே போனது. கார் ஷெட்டுக்குள் போய்த் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டது. "அந்தப் பய கை வெச்ச வண்டியை இனி எவனும் தொடக் கூடாது" என்று செக்கர் சொல்லிவிட்டார்.

நடந்தது இன்னதென்று தெரிந்த ஆள் ஊரில் ஒரே ஒருத்திதான். அது அவள்.

அதிகாரியை அழைத்துவரப் போன அன்று காலையில் கார் மறுபடியும் லேசாக இருமியது. அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு நின்றுகொண்டு, "அந்த ஜெட்டைக் கழட்டி ஒரு ஊது ஊதிட்டு மாட்டு" என்றார். ஜெட் என்பது பித்தளையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு திருகு. நடுவில் மயிரிழை போல ஒரு துளை, அதன் வழியாகத்தான் பெட்ரோல் போக வேண்டும். அவர் விரல் அந்த இடுக்கில் போகாது. அவள் விரல் போகும். "வாயால ஊது. கம்பி கிம்பி உள்ள விட்டே, தொலைச்சுடுவேன்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. அவள் ஊதினாள். அடைப்பு போகவில்லை. உள்ளேயிருந்து "ஆச்சா? ஆச்சா?" என்று ஒரே கத்தல். மிஷின் டப்பாவிலிருந்து ஒரு ஊசியை எடுத்துத் துளைக்குள் விட்டாள். டிக் என்றது. வெளியே எடுத்தபோது ஊசி குட்டையாக இருந்தது. முனை கீழே விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜெட்டை மாட்டிவிட்டாள்.

"ஊதினியா?" என்று கேட்டார். "ஊதினேன்" என்றாள். அது பொய்யில்லை. மகள் அன்று கை வைத்ததை அவரும் கேரேஜில் சொல்லவில்லை, வண்டியை வேறு யாரும் தொடவில்லை என்றே சொன்னார். பித்தளைத் திருகை ஊதியதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்திருப்பார்.

பையனுக்கு வேலை போனது தெரிந்ததும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவன் வீட்டைத் தேடிப் போனாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் அவள் அப்பாவின் ஏழு தலைமுறையையும் திட்டி முடித்தான். சொல்லாமல் திரும்பினாள். மறுபடி போனாள். அன்று பாதி திட்டுதான். மீதி நேரம் வேறு பேச்சு. அதற்கப்புறம் அவன் டீ போட்டுக் கொடுத்தான். டீ போட்டுக் கொடுத்தவனிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? அப்பாவின் சம்மதம் இல்லாமலே கல்யாணம் நடந்தது. அம்மா போனபிறகு அப்பாவுக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டுமென்று, புருஷனையும் இழுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். தான் அவரைக் கட்டிக்கொண்டது ஆசையாலா, செய்த தப்பு உறுத்தியதாலா என்று சில சமயம் யோசிப்பாள். விடை கிடைக்காது. ஊசி விஷயம் தெரிந்தால் அவர் எதை நம்புவார் என்பதுதான் பயம். கார் தார்ப்பாய்க்குள் இருக்கும் வரை பயமில்லை என்று இருந்தாள்.

தார்ப்பாயை எடுக்க வைத்தது ஒரு சுவரொட்டி. நகரத்தில் பழைய வண்டிகளின் ஊர்வலமாம். செக்கருக்கு அந்த வயதில் ஒரு ஆசை வந்துவிட்டது. இரண்டு மெக்கானிக்குகளைக் கூப்பிட்டார். ஒருவரை, "நீங்க முன்னாடி எந்த வண்டி பார்த்தீங்க, அது இப்ப ஓடுதா?" என்று குறுக்கு விசாரணை செய்து விரட்டினார். இன்னொருவர் விசாரணை தொடங்குமுன்பே போய்விட்டார். மீதி இருந்தது பின்னறை மெக்கானிக் ஒருவர்தான்.

"அவனைப் பார்க்கச் சொல்லு" என்றார் செக்கர், செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே.

அவள் போகாமலே போய் வந்ததாகச் சொல்லலாமா என்று பார்த்தாள். ஆனால் செக்கர் சொன்னதைப் பின்னறையிலிருந்தவர் நேரடியாகவே கேட்டுவிட்டார். "உங்கப்பன்கிட்ட சொல்லு, பார்க்கறேன். அந்தக் கார்புரேட்டர்ல யார் என்ன கெடுத்தாங்கன்னு இன்னைக்குப் பார்த்துடறேன்" என்றார். குரலில் பல வருஷக் கோபம் கொதித்தது.

மறுநாள் காலை ஷெட்டில் மூன்று பேர். செக்கர் நாற்காலி போட்டு, ஓடுகிற பஸ்ஸில் ஏறியவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் குனிந்து வேலை செய்தார். இருவருக்கும் நடுவில் கைநீட்டினால் தொடுகிற தூரம்தான்.

"பெட்ரோல் குழாயை முதல்ல கழட்டச் சொல்லு" என்றார் செக்கர்.

"கழட்டிட்டேன்னு சொல்லு" என்றார் மெக்கானிக்.

"கழட்டிட்டாராம்" என்றாள் தபால்.

இரண்டு நட்டுகளும் இறுகிப்போயிருந்தன. எண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டுக் கழற்றினார். கார்புரேட்டர் கையோடு வந்தது. உள்ளே இருந்த பெட்ரோல் காய்ந்து வெல்லப்பாகு போலப் பிடித்திருந்தது. புளித்த நாற்றம். மெக்கானிக்கிடம் ஒரு பழக்கம் உண்டு: வெள்ளைத் துணியை விரித்து, கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக வைப்பார். மூடி, மிதவை, மிதவையின் முள், சின்ன வளையங்கள், கடைசியில் ஜெட். அந்தத் துணியில் வேறு கை படக் கூடாது. ஒருதரம் அதன்மேல் காபி டம்ளரை வைத்துவிட்டு ஒரு வாரம் பேச்சு வாங்கியிருக்கிறாள். துணி அவள் கொடுத்ததுதான், லைனிங் போக மிஞ்சியது.

"நான் கழுவித் தரட்டுமா? சின்னச் சின்ன சாமான்தானே" என்றாள்.

"கையை வெச்சே, அவ்வளவுதான்."

சாமான்களைக் கழுவுகிற தின்னரை ஊற்ற ஒரு தட்டு வேண்டுமென்று அவர் பின்னறைக்குப் போனார். அவள் சட்டென்று குனிந்து ஜெட்டை எடுத்தாள். நகத்தால் துளையை நெருடினாள். உள்ளே கடினமாக ஒன்று தட்டுப்பட்டது. அவள் சந்தேகப்பட்ட இடத்திலேயே, அத்தனை காலமும், அசையாமல் இருந்திருக்கிறது.

"அங்க என்ன எடுக்கிற?" என்றார் செக்கர்.

ஆயிரம் பேர் பைக்குள் கை விடுவதைப் பார்த்த கண் அது. "ஒண்ணுமில்லப்பா" என்று கைக்குக் கிடைத்த இடத்தில் ஜெட்டை வைத்தாள். திரும்பி வந்த மெக்கானிக் துணியைப் பார்த்தார்.

"இதை யார் நகர்த்தினது? வளையத்துக்கு அப்புறம் இருந்துச்சு. இப்ப முன்னாடி இருக்கு."

 அதனாலேயே அவர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் ஜெட்டைக் கையில் எடுத்தார். தின்னரில் முக்கி, பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வாயில் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். பிறகு பின்பக்கமாக மெல்லிய குறடின் நுனியை விட்டு இழுத்தார். துருவேறிய ஒரு துண்டு வெள்ளைத் துணிமேல் விழுந்தது.

"ஊசி!" என்றார். பிறகு ஷெட்டே அதிரும்படி, "ஊசிடி! உங்கப்பன் ஜெட்டுக்குள்ள ஊசியை விட்டுக் குத்தியிருக்காரு! குத்திட்டு என் தலையில கட்டியிருக்காரு! போய்ச் சொல்லு!"

எங்கே போவது? அவர் அங்கேதான் இருந்தார்.

"நான் வாழ்நாள்ல ஜெட்டுல ஊசி விட்டவன் இல்ல" என்று செக்கர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "விட்டவன் இவன்தான்னு சொல்லு. இவனே குத்தி, இவனே எடுத்துக் காட்டறான். இப்பத்தான் கையில ஒளிச்சு வெச்சிருந்து போட்டானோ என்னமோ!"

ஸ்பானர் தரையில் விழுந்தது. அவள் கேட்டதிலேயே மிகப் பெரிய சத்தம் அது.

"இந்த ஆளு வீட்டுல இனி ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன். இன்னைக்கே காலி பண்றேன். நீ வர்றியா, இல்ல உங்கப்பனோடயே இருக்கியா? இப்பவே சொல்லு."

"போகச் சொல்லு! ஊசியையும் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு!"

இரண்டு பேரும் அவளைத்தான் பார்த்துக் கத்தினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கத்துவதற்கு அவள் முகம்தான் வசதி. வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஊசி யாருடையது என்று இரண்டு பேருமே உற்றுப் பார்க்கவில்லை; பார்க்கிற நிலையிலும் இல்லை. புருஷனோடு போய்விட்டால் அப்பா பட்டினி. அப்பாவோடு இருந்துவிட்டால் புருஷன் இல்லை. எப்படியும் ஒன்று போகும். ரகசியம் மட்டும் பத்திரமாக இருக்கும். இந்த இரண்டு பேருக்காகவும் எத்தனை வார்த்தையை விழுங்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது, பயம் போய் அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல சுத்தமான கோபம்.

"ஊசிக் காது எங்க இருக்குன்னு பாருங்க ரெண்டு பேரும்" என்றாள்.

இருவரும் குனிந்தார்கள். சாதாரண ஊசிக்குக் காது மேல்முனையில் இருக்கும். உடைந்த அந்தத் துண்டில், கூர்முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஓட்டை இருந்தது.

"தையல் மிஷின் ஊசி. இந்த வீட்டுல மிஷின் யார்கிட்ட இருக்கு? நான்தான் விட்டேன். அன்னைக்குக் காலையில. ஊதினா போகலை, குத்தினேன், உடைஞ்சுது, மாட்டிட்டேன். போதுமா?"

 மெக்கானிக் ஊசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். செக்கர் ஊசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அப்புறம்தான் அந்த வீட்டில் நடக்காதது நடந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பார்த்தீங்களா மாமா?" என்றார் மெக்கானிக்.

"சின்ன வயசுலேருந்தே இவ அப்படித்தான் மாப்பிள்ளை" என்றார் செக்கர். "கம்பி விடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுவேன்."

"இத்தனை வருஷம் வாயைத் திறக்கலையே மாமா! பக்கத்துலயே படுத்துக்கிட்டு!"

"நெஞ்சழுத்தம்! அவங்கம்மா மாதிரி."

"ஊதச் சொன்னது யாரு?" என்று அவள் கேட்டாள். "வண்டியை யாருமே தொடலைன்னு கேரேஜ்ல போய்ச் சொன்னது யாரு? அதைக் கேளுங்களேன் உங்க மாமாவை!"

மெக்கானிக் கேட்கவில்லை. மாப்பிள்ளை என்ற வார்த்தை அவருக்கு இப்போதுதான் முதல்முறையாகப் பரிமாறப்பட்டிருந்தது. அதை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. அவர் கேட்டது வேறு.

"அப்ப நீ என்னைத் தேடி வந்தது இதைச் சொல்லத்தானா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீங்க எங்க பேச விட்டீங்க? ஊரெல்லாம் டிக்கெட் கேட்டவரு இவரு. ஊர் வண்டியெல்லாம் திறந்து பார்த்தவரு நீங்க. உனக்கு ஏதாவது தெரியுமான்னு ரெண்டு பேர்ல ஒருத்தர் என்னைக் கேட்டிருக்கீங்களா? போய்ச் சொல்லு, போய்ச் சொல்லு. அது ஒண்ணுதான். சொன்னா ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்து என்னைத்தான் ஏசுவீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். இதோ, ஏசுறீங்க."

அவள் உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோர்த்தாள். ஷெட்டில் அவர்கள் வேலையைத் தொடர்ந்தது காதில் விழுந்தது. "டார்ச்சைக் கொஞ்சம் இப்படிப் பிடிங்க மாமா." "இந்த வளையம் இங்கதானே மாப்பிள்ளை?" மத்தியானம் கார் இருமி, கரும்புகை கக்கி, ஓடியது. இரண்டு ஆண்களும் கைதட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கு முன்சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து போனார்கள். பின்சீட்டில் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவள் போயிருக்க மாட்டாள்.

ஏனென்றால் அன்றிலிருந்து அவளிடம் யாரும் பேசவில்லை. பின்னறையிலிருந்தவர் சாப்பிடும்போதெல்லாம் முன்னறையில்தான் இருந்தார். இருவரும் ஜெட்டைப் பற்றிப் பேசினார்கள், நெஞ்சழுத்தத்தைப் பற்றிப் பேசினார்கள், பெண்பிள்ளையிடம் ஸ்க்ரூ டிரைவர் கொடுக்கலாமா என்று பேசினார்கள். அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தால் பேச்சு நிற்கும், போனால் தொடரும். பகை வீட்டை விட்டுப் போகவில்லை, இடம்தான் மாறியிருந்தது. ராத்திரிகளில் பின்னறையில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். டீ போட்டுக் கொடுத்த அந்தப் பையனைக் கட்டிக்கொண்டது எதனால் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. தப்பு உறுத்தியதற்காக என்றால் இந்த முதுகைப் பார்த்து இப்படி வலிக்காது. அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். முன்னறையிலிருந்து செக்கரின் குரல், அவள் காதில் விழ வேண்டும் என்றே உரக்க வந்தது.

"மாப்பிள்ளை, காபி போடச் சொல்லுங்க. சர்க்கரை குறைச்சலா. நேத்து பாயசம் மாதிரி இருந்துது. ஒரு காபி போடத் துப்பில்லைன்னு சொல்லுங்க."

மெக்கானிக் எழுந்து வந்து மிஷின் பக்கத்தில் நின்றார். அவளைப் பார்க்காமல் நூல்கண்டைப் பார்த்தார்.

"மாமாவுக்குக் காபி வேணுமாம்."

அவள் மிஷினை நிறுத்தவில்லை.

"உங்க மாமாகிட்ட சொல்லுங்க. அடுப்பு எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும். கை நல்லாத்தான் இருக்கு. நான் போட்ட காபி பாயசமா இருந்தா, அவரே போட்டுக் குடிச்சுட்டு, எனக்கும் ஒண்ணு கொண்டுவரட்டும். சொன்னதை அப்படியே சொல்லுங்க. நான் இத்தனை நாள் மாத்திச் சொன்ன மாதிரி மாத்தாதீங்க."

அவர் நின்றார். முன்னறைப் பக்கம் இரண்டடி வைத்து, திரும்பி வந்து, மறுபடி போனார். வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

"என்ன சொல்றா?" என்றார் செக்கர்.

"அது... அவளுக்குக் கொஞ்சம் அவசரத் தையல் இருக்காம் மாமா" என்றார் மெக்கானிக். "நீங்க இருங்க, நான் போட்டுக் கொண்டுவரேன்."